மினோவாபாஷி முதல் வாசேதா வரை

நிஷி-கசாய்

நாங்கள் குடியிருக்கும் நிஷி-கசாயில் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் போதும், மாதக்கணக்கில் காலத்தை ஓட்டிவிடலாம். ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் துவரம்பருப்பு, புளி, உறையவைத்த முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிப்போகும் என்ற பயத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் இந்தியப் பொறியாளர்களை வரவழைத்தன. வங்கிகள் நிறைந்த ஓதேமாச்சிக்கு இங்கிருந்து தோசாய் தடத்தில் ஒரே ரயில். உள்ளூர்க்காரர் ஒருவர் ஜாமீன் நின்றால்தான் வீடு என்று கேட்காத அரசுசார் குடியிருப்புகளும் இங்கே இருந்தன. வந்தவர்கள் தங்கினார்கள். தங்கியவர்களைப் பார்த்து அடுத்தவர்கள் வந்தார்கள்.

இந்த வசதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். என் பிரசவத்தின்போது ரசம் வைத்துக் கொடுத்ததும், ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உலாத்தியதும் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் இதற்குள்ளேயே இருந்துவிட்டால் டோக்கியோக்காரர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். அலுவலகத்தில் பழகுகிற ஜப்பானியர்கள் மரியாதையானவர்கள். ஆனால் அந்த மரியாதை நம்மை விருந்தாளியாகவே வைத்திருக்கும், அடுப்படிவரை விடாது.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த அம்மா இதை வந்த வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அசாகுசா கோயிலுக்கும் ஸ்கைட்ரீ கோபுரத்துக்கும் கூட்டிப்போயிருந்தேன். "ஊரு நல்லாத்தான் இருக்கு. ஆளுகதான் கண்ணுல படலியே" என்றார். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் ஆட்களைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். அவர் கேட்டது வேறு ஆட்களை என்று புரிந்தது. அதனால்தான் மே மாதம் 24ஆம் தேதி, சனிக்கிழமை, அவரை டிராமில் கூட்டிப்போனேன்.

மினோவாபாஷி

டோக்கியோவில் ஒருகாலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட டிராம் தடங்கள் இருந்தன. கார்கள் பெருகி, டிராம் வழியை அடைக்கிறது என்று சொல்லி, 1967லிருந்து 1972க்குள் ஏறக்குறைய அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள். நகராட்சி டிராமில் மிஞ்சியது இந்த அரகாவா தடம் ஒன்றுதான். பெரும்பகுதி சாலையில் ஓடாமல், வீடுகளின் முதுகுப்புறமாகத் தனக்கென்று இருந்த பாதையில் ஓடியதால் தப்பித்தது. பக்கத்துக் குடியிருப்பு மக்களும் விடவில்லை. இன்று 12.2 கிலோமீட்டர், 30 நிறுத்தம். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 170 யென். சென்னையில் 1895லேயே மின்சார டிராம் ஓடியது, ஜப்பானில் முதல் மின்சார டிராம் கியோட்டோவில் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். நம்முடையது 1953இல் நின்றது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய புகைப்படங்கள் மட்டும்.

தடத்தின் கிழக்குக் கோடி மினோவாபாஷி. நிலையத்தை ஒட்டியே கூரை போட்ட கடைவீதி, சுமார் 400 மீட்டர் நீளம். டோஃபு கடை, மீன் கடை, பொரித்த பண்டங்கள் விற்கும் கடை, காலுறையும் ஏப்ரனும் தொங்கும் துணிக்கடை. நடுநடுவே சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் பெண்கள். அம்மா முதன்முறையாக நடையைக் குறைத்தார். "இது நம்ம ஊரு ஆர்ச் பக்கத்துக் கடைத்தெருதான்" என்றார்.

அம்மா சைவம். ஜப்பானில் சைவத்துக்கு மாமிசம் ஒரு பிரச்சினையே அல்ல, அது கண்ணுக்குத் தெரியும். பிரச்சினை தாஷி. காயவைத்த மீனைச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்து எடுக்கிற சாறு. பூசணிக்காய் வேகவைத்தால் அதில், கீரை வதக்கினால் அதில், பீன்ஸ் மேல் இரண்டு கரண்டி. சமைத்த பண்டங்கள் விற்கிற கடையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மாள் இருந்தார். மீன் சாறுகூட ஆகாது என்று சொன்னதும் அவர் விற்பனைப் பேச்சு எதையும் எடுக்கவில்லை. தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இந்தப் பூசணியில் தாஷி இருக்கிறது, வேண்டாம். இந்த டோஃபுப் பையைத் தாஷியில்தான் வேகவைத்தேன், வேண்டாம். சர்க்கரைவள்ளி டெம்புராவில் ஒன்றும் இல்லை, ஆனால் இறால் பொரித்த எண்ணெய். அதைச் சொல்லும்போது கையெடுத்து மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்தார். கடைசியில் உள்ளே போய், தன் மதியச் சாப்பாட்டுக்கென்று அவித்து வைத்திருந்த பச்சை சோயாக் காய்களைக் கொண்டுவந்தார். உப்பு மட்டும்தான். காசு வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் வற்புறுத்தி உமேபோஷி வைத்த சோற்று உருண்டைகளை அவரிடம் வாங்கிக்கொண்டோம். உமேபோஷி உப்பிலிட்டுக் காயவைத்த ஒரு புளிப்புக் காய். எங்கள் வீட்டில் தயிர்சாதத்துக்கு நாரத்தங்காய் தீர்ந்த நாளில் அதுதான்.

"தெரியாம வித்திருந்தாலும் நாம சாப்பிட்டிருப்போம்லா?" என்று அம்மா பிறகு கேட்டார். சாப்பிட்டிருப்போம். அந்த அம்மாளுக்கும் அது தெரியும்.

கடைவீதியிலிருந்து சில நிமிட நடையில் ஜோகான்ஜி கோயில். பக்கத்திலிருந்த யோஷிவாரா பரத்தையர் வீதியில் செத்துப்போன பெண்களை, அழுவதற்கு ஆளில்லாமல், பாயில் சுற்றி இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். 1855 நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். மொத்தம் 25,000 பேர் என்கிறார்கள். பெரும்பாலும் ஏழைக் குடியானவர் வீட்டிலிருந்து விற்கப்பட்ட பெண்கள். அவர்களுக்கான நினைவுத் தூணின் அடியில் யாரோ அன்று காலைதான் வைத்த பூவும், ஒரு சிவப்பு உதட்டுச்சாயமும் இருந்தன. அம்மா கொஞ்சநேரம் நின்றார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா" என்றார்.

அரகாவா, ரோஜாக்கள்

ஒற்றைப் பெட்டி. முன்கதவில் ஏறிக் காசைப் போட்டுவிட்டுப் பின்கதவில் இறங்க வேண்டும். வெள்ளைக் கையுறை போட்ட ஓட்டுநர் ஒருவர்தான், நடத்துநர் இல்லை. கிளம்பும்போது இரண்டு மணி அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்து மக்கள் இதைச் 'சின் சின்' வண்டி என்பார்கள்.

வீடுகளுக்கு அவ்வளவு கிட்டத்தில் போகிறது. மாடியில் உலரும் போர்வை, சமையலறை ஜன்னலில் கவிழ்த்துவைத்த பாத்திரம், கதவுக்கு வெளியே செடித் தொட்டிகள், குழந்தையின் மூன்றுசக்கர வண்டி. டோக்கியோவின் பெரிய ரயில்கள் பெரும்பாலும் உயரத்திலோ மண்ணுக்கடியிலோ ஓடுவதால் நமக்குக் கிடைக்காத காட்சிகள். மே மாதத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அரகாவா வட்டாரத்துக்குள் தடத்தின் இருபுறமும் நான்கு கிலோமீட்டருக்கு ரோஜா. 1985லிருந்து நட்டுவருகிறார்கள், சுமார் 140 வகை, 13,000 செடி. மஞ்சளும் இளஞ்சிவப்பும் ஜன்னலோரம் ஓடிவருகின்றன.

மச்சியாவுக்கு முன்னால் இறங்கி நடந்தோம். கத்தரிக்கோலும் வாளியுமாக ஒரு பெரியவர் வாடிய பூக்களை வெட்டிக்கொண்டிருந்தார். கைப்பட்டையில் தொண்டர் என்று எழுதியிருந்தது. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இந்தப் பகுதி சிறு பட்டறைகளும் அச்சகங்களும் நிறைந்தது, அவர் காலத்தில் இன்னும் அதிகம். பூவை எந்த இடத்தில் வெட்டினால் அடுத்த துளிர் வெளிப்பக்கமாக வரும் என்று காட்டினார். ஐந்து இலை உள்ள கொத்துக்குச் சற்று மேலே, சாய்வாக. அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு முற்றத்திலும் ரோஜா உண்டு. "நான் ஒடிச்சுத்தான் விடுவேன், இப்படி வெட்டணும்னு தெரியாதே. என்ன உரம் போடுதாகன்னு கேளு" என்றார். கேட்டேன். எண்ணெய் எடுத்த பிண்ணாக்கும் எலும்புத்தூளும் என்றார். பிண்ணாக்கு என்று மொழிபெயர்த்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தோட்டக்காரர்கள் இருவரும் அரைமணி நேரம் என்னை நடுவில் வைத்துப் பேசினார்கள். இந்தியாவில் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று வழக்கமாக எதிர்கொள்கிற கேள்வி ஒன்றையும் அவர் கேட்கவில்லை. பூச்சி விழுமா, மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டார்.

கஜிவாராவில் டிராம் உருவத்தில் மொனாகா என்ற இனிப்பு விற்கும் கடை இருக்கிறது. அதன் பெட்டியும் டிராம்தான். அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் இறங்கவில்லை.

ஓஜி, அசுகாயாமா

ஓஜியில் இறங்காதவர்கள்கூட இருக்கையை விட்டு எழுந்து பார்க்கிற இடம் ஒன்று வருகிறது. டிராம் தன் பாதையை விட்டு வெளியேறிப் பெருஞ்சாலையில் கார்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே இறங்கி, வளைந்து, மேட்டில் ஏறுகிறது. யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

மேட்டின் மேலே அசுகாயாமா பூங்கா. எட்டாம் ஷோகுன் தோகுகாவா யோஷிமுனே 1720ஐ ஒட்டி இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட செர்ரி மரங்களை நடவைத்து, சாதாரண ஜனங்கள் குடித்துக் கூத்தடித்துக் கொண்டாட அனுமதி கொடுத்தார். மற்ற இடங்களில் அதற்குக் கெடுபிடி இருந்த காலம். ஆட்சியாளர் ஒருவர் மக்களுக்கு உல்லாசத்துக்கென்று ஒரு மேட்டை ஒதுக்கியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. பூக்காலம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது நல்ல நிழல்தான். முழங்கால் வலிக்காரர்களுக்காக மேலே ஏற ஒரு சின்னப் பெட்டி வண்டி விட்டிருக்கிறார்கள், கட்டணம் கிடையாது.

நிழலில் உட்கார்ந்து சோற்று உருண்டையும் சோயாக் காயும் சாப்பிட்டோம். பக்கத்தில் ஒரு பழைய டிராமையும் நீராவி எஞ்சினையும் குழந்தைகள் ஏறி விளையாட விட்டுவைத்திருந்தார்கள். ஷிபுசாவா எயிச்சி 1931இல் இறக்கும்வரை வாழ்ந்த வீடு இந்தப் பூங்காவில்தான் இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய 10,000 யென் தாளில் இருப்பது அவர் முகம். ஓஜியில் காகித ஆலை தொடங்கியவர். 1893இல் ஜம்ஷெட்ஜி டாடா ஜப்பான் வந்தபோது அவரைச் சந்தித்துப் பேசி, பம்பாய்க்கும் கோபேக்கும் நடுவே பருத்தி ஏற்றிவர நேரடிக் கப்பல் போக்குவரத்துக்கு வழிசெய்தவரும் இவரே. நிஷி-கசாய்க்காரர்கள் வருவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே போட்ட பாதை. பர்ஸிலிருந்து தாளை எடுத்து அம்மாவிடம் காட்டினேன். "வீட்டுக்காரரைப் பார்த்தாச்சு" என்றார்.

கோஷின்சுகா, சுகாமோ

அன்று 24ஆம் தேதி என்பதற்கு இங்கேதான் அர்த்தம். சுகாமோவின் ஜிசோ வீதியில் 4, 14, 24 தேதிகளில் திருவிழாக் கடை. முதியவர்களின் வீதி இது. நாடெங்கும் பெயர் தெரியும். விலை எல்லாம் பெரிய பெரிய எழுத்தில். கைத்தடிக் கடை, வெயில் தொப்பிக் கடை, நடை தாங்கும் தள்ளுவண்டிக் கடை. சிவப்பு உள்ளாடைக்கென்றே ஒரு கடை, சிவப்பு உடம்புக்குச் சூடும் பலமும் தரும் என்று நம்பிக்கை. தெருவில் ஒருவரும் வேகமாக நடப்பதில்லை. ஷின்ஜுகுவில் பின்னால் வருகிறவர்களுக்குப் பயந்து என் கையை இறுக்கிப் பிடித்திருந்த அம்மா இங்கே கையை விட்டுவிட்டார்.

கோகான்ஜி கோயிலில் இருப்பது ஜிசோ என்ற போதிசத்துவர், முள் எடுக்கும் ஜிசோ. ஊசியை விழுங்கிவிட்ட வேலைக்காரப் பெண்ணுக்கு ஜிசோ உருவம் அச்சிட்ட சின்னத் தாளைத் தண்ணீரோடு விழுங்கக் கொடுத்தார்கள் என்றும், வாந்தியில் அந்தத் தாளைக் குத்திக்கொண்டு ஊசி வெளியே வந்தது என்றும் கதை. மூலவரை யாரும் பார்க்க முடியாது. வரிசை நிற்பது வெளியில் உள்ள, கருணையின் வடிவான கன்னோன் சிலைக்கு. 1657இல் டோக்கியோவை அழித்த பெருந்தீயில் மனைவியை இழந்த ஒருவர் கொடுத்த சிலை என்பது வரலாறு. உனக்கு எங்கே வலியோ சிலையில் அங்கே தண்ணீர் ஊற்றித் துடைக்க வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகமே மழுங்கிப்போனதால், 1992இல் புதுச் சிலை வைத்து, இனித் துணிதான் என்று மாற்றினார்கள்.

எங்களுக்கு முன்னால் ஊதாத் தொப்பி போட்ட ஒரு பாட்டி. வரிசை மெதுவாக நகர்ந்தது. அம்மாவின் புடவை நுனியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்து, என்னிடம் திரும்பி, அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டார். அலுவலகத்தில் யாரும் கேட்காத கேள்வி. அறுபத்தெட்டு என்றேன். தனக்கு எண்பத்தெட்டு என்று விரலில் காட்டிவிட்டு, "இன்னும் சின்னப் பெண்" என்று அம்மாவின் தோளில் தட்டினார். அவருடைய முறை வந்தபோது இடுப்பைத் துடைத்தார், பிறகு தோளை, பிறகு, சற்றுத் தயங்கி, நெஞ்சை. ஈரத்துணியைப் பிழிந்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா சிலையின் இரண்டு முழங்காலையும் அழுத்தித் துடைத்தார். அது முடிந்தும் நகரவில்லை. கண்ணையும் துடைத்தார். அப்பாவுக்கு அந்த மாதம்தான் கண்ணில் அறுவை முடிந்திருந்தது. பாட்டிக்கு அதை எடுத்துச் சொன்னேன். அவர் துணியைத் திரும்ப வாங்கி, தானும் ஒருமுறை சிலையின் கண்ணைத் துடைத்தார்.

ஓட்சுகா

இந்த நிறுத்தத்தில் சில நிமிடம்தான் இருந்தோம். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், சந்துக்குள் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. சுற்றிலும் ஹலால் கடைகள், அரிசியும் மிளகாய்த்தூளும் மூட்டையாக. 2011 மார்ச்சில் வடகிழக்கைக் கடல் அடித்தபோது, பள்ளிவாசல்காரர்களும் தெருக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து சோற்று உருண்டை பிடித்து வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அதுவரை ஒருவருக்கொருவர் தலையசைத்துப் போனவர்கள், ஒரே அண்டாவில் கைவைத்தது அப்போதுதான்.

சோஷிகாயா

எனக்கு இந்தத் தடத்தில் மிகப் பிடித்த பகுதி. முதலில் கல்லறைத் தோட்டம். மரங்கள் அடர்ந்து, ஒரு சிறு ஊர் அளவுக்கு விரிந்தது. லாஃப்காடியோ ஹெர்ன் இங்கே இருக்கிறார். கிரேக்கத் தீவில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையில் எழுதி, 1890இல் ஜப்பான் வந்தவர். மத்சுவே ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். நொடித்துப்போன சாமுராய்க் குடும்பத்துப் பெண் செட்சுவை மணந்தார். 1896இல் குடியுரிமை பெற்று மனைவி வீட்டுப் பெயரான கொய்சுமியைத் தன் பெயராக்கிக்கொண்டார். செட்சு சொன்ன பேய்க் கதைகளைக் கேட்டு எழுதினார். இன்று ஜப்பானியர்கள் அவற்றைத் தங்கள் கதைகளாகவே படிக்கிறார்கள். கல்லில் இருப்பதும் கொய்சுமி யாகுமோ என்ற ஜப்பானியப் பெயர்தான்.

அதே தோட்டத்தில், சில நிமிட நடையில், நட்சுமே சோசெகி. சாய்வு நாற்காலி மாதிரி பெரிய கல். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1903இல் ஹெர்னை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் சோசெகியை வைத்தார்கள். மாணவர்கள் ஹெர்னுக்காகக் கொதித்தார்கள். புது ஆசிரியரை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சோசெகி அப்போதுதான் லண்டனிலிருந்து திரும்பியிருந்தார். அங்கே இரண்டு வருஷம் வாடகை அறைகளில் தனியாக இருந்து, மனம் உடைந்து வந்தவர். வெளியூர்க்காரனாக இருப்பது எப்படியெல்லாம் முடியலாம் என்பதற்கு இவர்கள் இரண்டு பேரையும்தான் நான் நினைத்துக்கொள்வேன். ஹெர்னுக்கு ஒரு வீடும் கதை சொல்கிற மனைவியும் கிடைத்தார்கள். சோசெகிக்கு லண்டனில் அப்படி ஒரு வாசலும் திறக்கவில்லை. மேதைமையில் யாரும் யாருக்கும் குறைந்தவரில்லை. பக்கத்து வீட்டார் அமைவது வேறு விஷயம்.

அடுத்த நிறுத்தம் கிஷிமோஜின் கோயில். கேயாக்கி மரங்களுக்கு நடுவே கல் பாவிய பாதை. வாசலில் 1781லிருந்து இருக்கிற மிட்டாய்க் கடை, முற்றத்தில் 700 வயது என்று சொல்லப்படும் கிங்கோ மரம். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். கோயில் கட்டடம் 1664இல் எழுந்தது.

உள்ளே இருக்கும் தாய் இந்தியாவிலிருந்து வந்தவள். ஹாரிதி என்ற யட்சி. தன் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் போஷிக்க ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துத் தின்றாள். புத்தர் அவளுடைய கடைக்குட்டியைத் தன் திருவோட்டின் கீழ் ஒளித்துவைத்தார். உலகமெல்லாம் தேடி அலைந்து கதறியவளிடம், அத்தனை பிள்ளைகளில் ஒன்றை இழந்த உனக்கே இப்படியென்றால், ஒன்றே ஒன்றைப் பெற்றவளுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். அன்றிலிருந்து அவள் குழந்தைகளுக்கும் பிரசவத்துக்கும் காவல். காந்தாரத்திலிருந்து சீனா வழியாக நடந்து இங்கே வந்து சேர்ந்திருக்கிறாள்.

நான் கதையை முடிப்பதற்குள் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். "ஏட்டி, இது நம்ம இசக்கியம்மைல்லா" என்றார். எங்கள் பக்கத்தில் ஊர் எல்லையில் இசக்கி இருப்பாள். ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை வாயில். பிள்ளை வேண்டுகிறவர்கள் தொட்டில் கட்டுவார்கள். இரண்டும் ஒரே தெய்வம் என்று நான் சொல்லவரவில்லை. ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொல்ல வேண்டியது அது. ஆனால் அம்மாவுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டோக்கியோவின் எந்தக் கோயிலிலும் கும்பிடத் தயங்கி, நான் செய்வதைப் பார்த்துச் செய்தவர், இங்கே படியில் நெற்றி படக் கும்பிட்டார். பக்கத்தில் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு ஜப்பானிய இளம் தம்பதி நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா எழுந்து, கேட்டுக்கொண்டு, அந்தக் குழந்தையின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அந்தப் பெண் என்னிடம், இது என்ன சடங்கு என்று கேட்டாள். திருஷ்டி கழிக்கிறார்கள் என்றேன். இரண்டு கையாலும் குழந்தையை நீட்டி, இன்னொரு முறை செய்யச் சொன்னாள்.

மிட்டாய்க் கடையில் பத்து யென்னிலிருந்து பண்டம். பேத்திக்கென்று அம்மா சின்னக் கூடையில் பொறுக்கி எடுத்ததையெல்லாம் கடைக்காரர் விரல்விட்டுக் கூட்டினார். அக்டோபர் 16 முதல் 18 வரை இந்தத் தெருவில் பௌத்தத் துறவி நிச்சிரேனின் நினைவு நாள் விழா. காகிதச் செர்ரிப் பூக்கள் தொங்கும் விளக்குக் கோபுரங்களைத் தூக்கிக்கொண்டு, விசிறி மாதிரியான கைப்பறையைத் தட்டியபடி ராத்திரியில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அதைப் பார்க்க அம்மாவுக்கு விசா இருக்காது. இருந்தாலும் தேதியைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

ககுஷுயின் சரிவு

டிராம் இங்கே செங்குத்தாக இறங்குகிறது. வலதுபக்க மேட்டில் ககுஷுயின் பல்கலைக்கழகம். ஒனோ சுசுமு அங்கே பேராசிரியராக இருந்தார். ஜப்பானிய மொழியின் வேரைத் தேடி, தமிழில் அது கிடைக்கும் என்று நம்பி, வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் அதற்குக் கொடுத்தவர். சென்னை வந்து தங்கினார். தமிழறிஞர் பொற்கோ அவருக்குத் துணை நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் இங்கே வந்து அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். அவர் சொற்களோடு நிற்கவில்லை. நம்முடைய பொங்கலையும், ஜப்பானியக் கிராமங்களில் ஜனவரி 15ஆம் தேதி கொண்டாடும் சிறு புத்தாண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. நிறுவிக்காட்டப் போதிய சான்று இல்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் 2008இல் இறக்கும்வரை தன் கருத்தை விட்டுக்கொடுக்காத அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அத்தனை பெயர்பெற்ற ஜப்பானிய அறிஞர் ஒருவர், வயது அறுபதை நெருங்கும்போது, தன் மொழிக்குச் சொந்தம் தேடி எங்கள் பாட்டிமார் பொங்கல் வைக்கிற முற்றம்வரை வந்தார். உறவு நிரூபணம் ஆகாமல் போகலாம். தேடி வந்தது வந்ததுதான்.

வாசேதா

ஒமோகாகேபாஷியில் கண்டா ஆறு, அதைத் தாண்டினால் கடைசி நிறுத்தம். மாணவர் ஊர். ஐநூறு யென் சாப்பாடு எழுதிய பலகைகள், பழைய புத்தகக் கடைகள், சைக்கிள்கள். டோக்கியோ பல்கலைக்கழகம் கைவிட்ட ஹெர்னை 1904இல் அழைத்துக்கொண்டது வாசேதாதான். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் இறந்துபோனார். சோசெகி பிறந்ததும் இறந்ததும் இந்தச் சுற்றுவட்டாரத்தில். இங்கிருந்து சிறிது நடந்தால் தோசாய் ரயில், ஏறினால் நேரே நிஷி-கசாய்.

நான் ரயில் நிலையத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். அம்மா டிராம் மேடையிலேயே நின்றார்.

"அந்தப் பிள்ளைத்தாய்ச்சி கோயில்ல தாயத்து மாதிரி தொங்குச்சே, அது விக்கத்தானே?"

ஆமாம், சுகப்பிரசவத்துக்கும் குழந்தைக்கும் வாங்கிப்போவார்கள் என்றேன்.

"நம்ம செல்விக்கு ஆடியில நாள். இசக்கியம்மை கோயில்ல தொட்டில் கட்டும்போது இதையும் சேத்துக் கட்டணும். ஒண்ணு வாங்கியாந்துருவோம்."

செல்வி என் சித்தி மகள். மணி நாலரை. ஐந்துக்குக் கோயில் அலுவலகத்தை மூடிவிடுவார்கள். மூன்று நிறுத்தம் திரும்பிப் போக வேண்டும், நாள் முழுதுக்குமான சீட்டு கையில் இருந்தது. நின்றுகொண்டிருந்த வண்டியில் ஓட்டுநர் இரண்டாவது மணியை அடிக்க இருந்தார். அம்மாவை ஒரு கையிலும் மிட்டாய்ப் பையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினேன். எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவர் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.